ஜிம்மி ஏன் குரைக்கிறது?

மத்தியானம் இரண்டு மணி. தூளியை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்து, தெரிந்த தாலாட்டையெல்லாம் பாடித் தீர்த்து, அப்போதுதான் குழந்தை கண்ணயர்ந்திருக்கிறது. "அப்பாடா!" என்று அம்மா தலை சாய்க்கிறாள். வாசலில் யாரோ காலிங் பெல்லை அழுத்துகிறார்கள். அவ்வளவுதான்! "லொள்... லொள்... லொள்!" பால்கனியில் கட்டியிருக்கும் ஜிம்மி வீட்டையே தலைகீழாக்குகிறது. குழந்தை வீல் என்று அலறுகிறது. எதிர் ஃபிளாட் கதவு படாரென்று திறக்கிறது.

"ஏம்மா, உங்காத்து நாய்க்கு வாயே வலிக்காதா? பிரஷர் மாத்திரை போட்டுண்டு படுத்தா ஒரு மணி நேரம் தூங்க முடியலையே!" என்கிறார் எதிர் வீட்டு மாமி.

சாயங்காலம் வீடு திரும்பும் கணவரிடமும் மாமி புகார் சொல்கிறார். அவர் உள்ளே வந்ததும் வராததுமாக, "இதோ பாரு, இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் எங்கேயாவது விட்டுட்டு வந்துடுவேன்" என்கிறார். நான்கு வருஷமாகக் கூடவே வளர்ந்த பொமரேனியன். அவளுக்குக் கண் கலங்கிவிடுகிறது.

இது எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. உங்கள் வீட்டிலும், அல்லது உங்கள் பக்கத்து வீட்டிலும், இதே கதை நடந்துகொண்டிருக்கலாம். அந்த வீட்டுக்கு வந்த ஒரு சிநேகிதி, "குரைக்காம இருக்க இப்ப ஒரு பட்டை விக்குது. வலிக்காதாம். வாங்கிப் போட்டுப் பாரேன்" என்று யோசனை சொன்னாள். பட்டை வந்தது. முதல் வாரம் வீடே நிசப்தம். இரண்டாவது வாரம் ஜிம்மி மறுபடி குரைக்க ஆரம்பித்துவிட்டது. கூடவே ஒரு புது வழக்கம்: பட்டையைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

அப்படியானால் பட்டை மோசமா? இல்லை. எதற்கு, எப்போது, எவ்வளவு நேரம் போடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பட்டையில் என்ன இருக்கிறது?

குரைப்பை அடக்கும் பட்டைகள் பலவிதம். சில வகைகள் கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும். அவற்றை வீட்டுக்குள்ளேயே சேர்க்காதீர்கள். பிரிட்டனில் வேல்ஸ் பகுதி 2010-ல் இந்த மின்பட்டைகளை நாய்க்கும் பூனைக்கும் போடக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. வேறு சில பட்டைகள் செல்போன் மாதிரி லேசாக அதிரும். சில, நாய்க்கு மட்டும் கேட்கும் கீச்சொலி எழுப்பும்.

வலி இல்லாத வகை என்று பெயர் வாங்கியது வாசனைப் பட்டை. தொண்டைக்கு அடியில் வருகிற மாதிரி தீப்பெட்டி போல ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு மைக், ஒரு பேட்டரி, கொஞ்சம் சிட்ரொனெல்லா கலந்த திரவம். எலுமிச்சை வாசனை அடிக்கும் ஒருவகைப் புல்லிலிருந்து எடுக்கிற தைலம்தான் சிட்ரொனெல்லா. இலங்கையிலும் ஜாவாவிலும் பேர்போன புல் அது. கொசு விரட்டும் தைலங்களில் இந்த வாசனையை நீங்களே முகர்ந்திருப்பீர்கள்.

நாய் குரைத்ததும் மைக் அதைக் கேட்டு, 'புஸ்' என்று முகத்துக்கு முன்னால் ஒரு தூறல் தெளிக்கும். திடீர்ச் சத்தம், குளிர்ச்சி, பழகாத வாசனை எல்லாம் ஒன்றாக வருவதால், 'இதென்னடா இது?' என்று நாய் குரைப்பை நிறுத்திவிட்டு மோந்து பார்க்கும். நமக்கு வேண்டியது அந்த ஒரு நொடி இடைவெளிதான்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை நிபுணர்கள் 1996-ல் மின்பட்டையையும் வாசனைப் பட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆராய்ந்தது சில நாய்களைத்தான் என்றாலும், வாசனைப் பட்டையே நன்றாக வேலை செய்தது. நாய் வளர்ப்பவர்களுக்கும் அதுவே பிடித்திருந்தது.

அரை மணி போதும்!

ஜிம்மி வீட்டில் நடந்த தவறு என்ன தெரியுமா? காலையில் மாட்டிய பட்டையை ராத்திரிதான் கழற்றினார்கள்.

வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2001-ல் வெளியாயிற்று. ஓயாமல் குரைக்கும் 30 நாய்களுக்கு மூன்று வாரம் வாசனைப் பட்டை போட்டுப் பார்த்தார்கள். சில நாய்களுக்குத் தினமும் அரை மணி. மற்றவற்றுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி. இரண்டு வகையிலும் குரைப்பு குறைந்தது. ஆனால் நாளாக ஆக நாய்களுக்குப் பட்டை பழகிப்போய், குரைப்பு மெல்ல மெல்லத் திரும்பவும் தலைதூக்கியது. தினமும் போட்ட நாய்களைவிட, விட்டு விட்டுப் போட்ட நாய்களிடம்தான் பலன் அதிகம் தெரிந்தது.

தினம் திட்டு வாங்குகிற பிள்ளைக்குத் திட்டு உறைக்குமா? அதே கதைதான்.

இன்னொன்று. நாய்க்கு மோப்ப சக்தி நம்மைவிடப் பல மடங்கு கூர்மை. குரைப்பு நின்ற பிறகும் அந்த வாசனை கழுத்து மயிரிலேயே தங்கும். நாள் முழுக்கப் போட்டால், தான் எதற்காகத் தண்டிக்கப்படுகிறோம் என்றே தெரியாமல் அது தவிக்கும்.

குழந்தை அழுகை மாதிரிதான்!

பச்சைக் குழந்தை அழுதால் அது பசி அழுகையா, தூக்க அழுகையா, வயிற்று வலியா என்று அம்மாவுக்குத் தெரியும். 'அழாதே' என்று வாயைப் பொத்துவோமா? நாயின் குரைப்பும் அப்படித்தான். ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நாய்களின் குரைப்பைப் பதிவு செய்து பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில், நாயே வளர்க்காதவர்கள்கூட இது அந்நியரைக் கண்ட குரைப்பு, இது தனியே விடப்பட்ட குரைப்பு என்று ஓரளவு சரியாகவே சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் காது கொடுத்தால் நமக்கும் புரியும்.

காலிங் பெல், வாசலில் ஆள் நடமாட்டம், ஜன்னலில் பூனை: இவற்றைக் கண்டு குரைப்பது காவல் குரைப்பு. வாசனைப் பட்டை ஓரளவு உதவுவது இந்த வகைக்குத்தான்.

வீட்டில் யாரும் இல்லாதபோது விடாமல் குரைப்பதும் ஊளையிடுவதும் பிரிவு ஏக்கம். தீபாவளி வெடிக்கும் இடிக்கும் நடுங்கிக் குரைப்பது பயம். இந்த இரண்டுக்கும் பட்டை போடவே கூடாது. பயந்த குழந்தையை அடிப்பது போலாகும், பயம் இரட்டிப்பாகும். பல வருஷம் அமைதியாக இருந்த நாய் திடீரென்று குரைத்துக்கொண்டே இருந்தால் காது மந்தமோ, உடம்பில் எங்காவது வலியோ, முதுமைத் தடுமாற்றமோ இருக்கலாம். உடனே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜிம்மியையும் கடைசியில் டாக்டரிடம்தான் கூட்டிப் போனாள். அவர் ஊசியும் போடவில்லை, மருந்தும் எழுதவில்லை. "குழந்தை பிறந்த பிறகு இதை வாக்கிங் கூட்டிப் போறீங்களாம்மா? எங்கே கட்டி வைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. ஐந்து மாசமாக நடை கிடையாது. குழந்தைக்கு முடி ஒத்துக்கொள்ளாது என்று பகலெல்லாம் பால்கனியில் சங்கிலி. அதுவரை மடியில் கிடந்த ஜிம்மி, ஒரே நாளில் வீட்டுக்கு வெளி ஆளாகிவிட்டது. அது குரைத்தது கூரியர் பையனைப் பார்த்து மட்டுமல்ல, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லவும்தான்!

என்ன செய்யலாம்?

பட்டை வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் இவற்றைச் செய்து பாருங்கள்:

* காலையும் மாலையும் இருபது நிமிஷமாவது நடத்திக் கூட்டிப் போங்கள். உங்களால் முடியாவிட்டால் வீட்டுக்காரரிடமோ பெரிய பிள்ளையிடமோ பொறுப்பைக் கொடுங்கள். களைத்த நாய் தூங்கும்.

* தெரு தெரியும் ஜன்னலுக்குத் திரை போடுங்கள். பார்த்தால்தானே குரைக்கும்?

* 'போதும்' என்ற சொல்லைப் பழக்குங்கள். இரண்டு தரம் குரைக்கட்டும். அது அதன் கடமை. பிறகு கத்தாமல், அமைதியான குரலில் "போதும்" என்று சொல்லி, மூக்குக்கு நேரே ஒரு துண்டு வேகவைத்த கோழியோ காரட்டோ காட்டுங்கள். வாயை மூடியதும் கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். நாமும் சேர்ந்து கத்தினால், 'அம்மாவும் குரைக்கிறாள்' என்றுதான் அது நினைக்கும்! (சாக்லேட், திராட்சை, வெங்காயம் நாய்க்கு விஷம், கொடுக்காதீர்கள்.)

* வீட்டில் யாரையாவது வெளியே நின்று பெல் அடிக்கச் சொல்லி, தினம் நாலைந்து தரம் இதையே ஒத்திகை பாருங்கள்.

இதற்கும் மசியாத காவல் குரைப்புக்கு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வாசனைப் பட்டையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

* அரை மணி மட்டும். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தூறல் விழுந்து நாய் நிறுத்திய அந்த நொடியில் 'போதும்' சொல்லித் தின்பண்டம் கொடுத்தால்தான் பாடம் பதியும்.

* பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கழற்றியதும் தோலில் சிவப்போ புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் சங்கிலி மாட்டக் கூடாது.

* மைக்கோடு தொண்டை அதிர்வையும் உணரும் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் தெருநாய் குரைத்ததற்கும் உங்கள் நாய்க்குத் தண்டனை கிடைக்கும்!

* குட்டிகளுக்கும், மூச்சுத் தொந்தரவு உள்ள நாய்களுக்கும் வேண்டாம்.

* தவழும் குழந்தை கையில் பட்டை கிடைக்கக் கூடாது. தூறல் கண்ணில் பட்டால் எரியும்.

* பட்டையைக் கண்டு நாய் நடுங்கினாலோ, சாப்பிடாமல் ஒதுங்கினாலோ அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

விரட்டுவது குற்றம்

"எங்கேயாவது விட்டுட்டு வந்துடலாம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வளர்த்த பிராணியைக் காரணமில்லாமல் கைவிடுவதும், நியாயமற்ற அளவுக்கு நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் நம் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் 2015-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நாய் குரைக்கிறது என்பதற்காகக் குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்க்கத் தடை போட முடியாது. ஆனால் ராத்திரி வேளையில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு என்பதையும் அது நினைவூட்டுகிறது. சட்டம் நம் பக்கம் என்று மாமியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 'பழக்கிக்கிட்டு இருக்கேன் மாமி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க' என்று சொல்லிப் பாருங்கள். பாதிக் கோபம் அங்கேயே கரைந்துவிடும்.

ஜிம்மி இப்போது பால்கனியில் இல்லை. கூடத்தில், தூளிக்குக் கொஞ்சம் தள்ளி, அதற்கென்று ஒரு பழைய பெட்ஷீட். காலை நடை அப்பாவின் பொறுப்பு. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறேன் என்ற அதே அப்பாதான்! பட்டையை ஒரு மாதம், விட்டு விட்டுத்தான் போட்டார்கள். இப்போது அது அலமாரியில் கிடக்கிறது.

காலிங் பெல் அடித்தால் ஜிம்மி இன்னும் குரைக்கத்தான் செய்கிறது. ஒன்று, இரண்டு. "போதும்டா ஜிம்மி!" என்றதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து கையை மோந்து பார்க்கிறது. தூளியில் குழந்தை புரண்டு படுக்கிறது. எதிர் ஃபிளாட் கதவு சாத்தியபடியே இருக்கிறது.