மும்மொழிக் கல்லும் மாணவர் விவரணப் படமும்

மாணவர் சிலர் ஒரு குழுவாகக் கூடி, வரலாற்று நினைவுச் சின்னம் ஒன்றைப் பற்றிச் சில நிமிட விவரணப் படம் ஆக்குதல் இன்று வகுப்பறைச் செயற்றிட்டங்களுள் ஒன்றாக இடம்பெற்று வருகின்றது. கைத்தொலைபேசியே கமராவாகவும் தொகுப்புக் கருவியாகவும் அமைந்துவிட்ட இக்காலத்திற் படம் பிடித்தல் எளிது. சின்னத்தை உள்ளவாறு அறிந்து, அறிந்ததைப் பிழையின்றிக் கூறுதலே அரிது. அதனை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதைக் காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

1911 ஆம் ஆண்டிற் காலி நகரத்தில், வடிகால் ஒன்றின் மேல் மூடுகல்லாகக் கிடந்த கல்லொன்றைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். அதன் எழுத்துள்ள முகம் கீழ்நோக்கியிருந்தது. ஏறத்தாழ ஐந்தடி உயரமும் இரண்டரை அடி அகலமும் உடைய அக்கல் கொழும்புத் தேசிய நூதனசாலையிற் பேணப்படுகின்றது. சீனத்து மிங் மரபின் பேரரசர் யொங்லெயின் ஆணைப்படி, கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொணர்ந்த நினைவுக்கல் அது. அதிற் பொறிக்கப்பட்ட காலம் 1409 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திற்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளும் அதன் ஒரே முகத்தில் இடம்பெற்றுள்ளன.

மூன்றும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று என எண்ணுதல் இயல்பு. ஆனால் உண்மை வேறு. சீனப் பகுதி புத்தபிரானை வழுத்தி, 1,000 பொன்னும் 5,000 வெள்ளியும் பட்டும் வாசனைத் தைலமும் பிறவும் காணிக்கையாக்கியதைக் கூறுகின்றது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் எனப்பட்ட திருமாலுக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. பாரசீகப் பகுதி மிகச் சிதைந்துளது. எஞ்சிய வரிகளால் அஃது இசுலாம் சார்ந்த கொடை என்பது புலனாகும். ஒரு பேரரசு ஒரே கல்லில் மூன்று சமயத்தாரையும் அவரவர்க்கேற்ற முறையில் விளித்தது என்பதே இதனாற் பெறப்படும் செய்தி.

தமிழ் மாணவர் குழுவொன்று தமிழ்ப் பகுதியை மட்டும் படமாக்கியது எனக் கொள்வோம். “சீனப் பேரரசர் நம் தெய்வத்தைப் போற்றினார்” என்று அப்படம் முடியும். கூறியது பொய்யன்று, ஆயினும் காண்போர் பெறுவது பொய்யான எண்ணமே. சீனப் பகுதியை மட்டும் எடுத்த குழுவும் அவ்வாறே வழுவும். தமக்குரிய பங்கை மட்டும் வாசித்துப் பெருமிதங் கொள்ளுதல் நினைவுச் சின்னங்களை அணுகுவோர்க்கு நேரும் முதற் குற்றம். குழுவாக இயங்குதலின் முதன்மைப் பயன் இக்குற்றத்தைத் தவிர்த்தலேயாம்.

ஆதலின் வேலைப் பகிர்வு கமரா எவரிடம் என்பதிலே தொடங்கலாகாது. முதலில் மொழிக்கு ஒருவராக மூவர் பொறுப்பேற்று, அறிஞர் வெளியிட்ட வாசகங்களைத் தேடி ஒப்பிடல் வேண்டும். தமிழ்ப் பகுதியைப் பேராசிரியர் பரணவிதான ஆராய்ந்து வெளியிட்டுள்ளார். நான்காமவர் கல்லோடு தொடர்புடைய இடங்களின் வரலாற்றைத் தொகுத்தல் நன்று. தேவேந்திரமுனையிலிருந்த தேனவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588 ஆம் ஆண்டில் அழித்தனர். காணிக்கை பெற்ற கோயில் மறைய, அதனைக் கூறும் கல் எஞ்சியது. இவையனைத்தும் ஒருங்கு வைத்து ஆராயப்பட்ட பின்னரே பின்னணி உரை எழுதப்படல் வேண்டும். 5 நிமிடப் படத்திற்கு 500 சொற்களுக்கு மேற்பட்ட உரை மிகையாகும். கண் பார்ப்பதற்கும் காலம் வேண்டுமன்றோ?

இனிப் படம் பிடித்தல். தேய்ந்த எழுத்துக்கள் நேர் ஒளியிற் புலப்படா. ஒளி பக்கவாட்டிற் சாய்ந்து விழுமாயின் வெட்டுக்களில் நிழல் படிந்து எழுத்துத் தெளிவுறும். எழுத்துத் தெரியவேண்டுமெனக் கல்லிற் சுண்ணமோ நீரோ தடவுதல் கூடாது. அது சின்னத்திற்குத் தீங்காகும். நூதனசாலையினரின் அனுமதியை முன்னரே பெற்று, அவர் விதிக்கும் வரம்புக்குள் நிற்றல் வேண்டும்.

உரை எழுதுவோர் மூவகைக் கூற்றுக்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. கல்லிற் காணப்படுவது ஒன்று, பிற சான்றுகளால் அறியப்படுவது மற்றொன்று, ஊகிக்கப்படுவது மூன்றாவது. காணிக்கைகளின் பட்டியல் கல்லில் உள்ளது. அதே செங் ஹே இலங்கையிற் போர் புரிந்து, வீர அழகேஸ்வரன் என்னும் ஆட்சியாளனைச் சிறைப்பிடித்து 1411 ஆம் ஆண்டிற் சீனத்துக்குக் கொண்டுசென்ற செய்தி கல்லில் இல்லை; சீன வரலாற்றேடுகளால் அறியப்படுவது அது. காணிக்கையும் போரும் ஒரே கடற்படையோடு வந்தன. கல் முன்னதை மட்டுமே கூறும். அக்கடற்படை வந்ததன் உள்நோக்கம் யாது என்பதோ ஊகத்தின்பாற்படும். இம்மூன்றும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு கூறப்படின் படம் அழகுடையதாயினும் நம்பத்தக்கதாகாது. “கல் கூறுகின்றது”, “ஏடுகள் கூறுகின்றன”, “அறிஞர் கருதுவர்” என்னும் சிறு தொடர்களே இக்குறையை நீக்கப் போதும்.

நினைவுச் சின்னம் ஒன்றை நிறுவுவோர் தாம் நினைவுகூர விரும்பியதையே அதிற் பொறிப்பர். விட்டதை வினவுதல் பின்வருவோர் கடன். அக்கடனை ஒருவர் தனித்து நிறைவேற்றல் எளிதன்று. ஒருவர் வாசித்ததை மற்றவர் மறுத்தும் திருத்தியும் நிரப்பியும் உண்மையை அணுகும் பயிற்சியே இச்செயற்றிட்டத்தின் பெரும்பயன். ஐந்து நிமிடப் படம் விரைவில் மறக்கப்படலாம். அதனை ஆக்கிய மாணவர் பின்னொரு நாள் வேறொரு தூணின் முன்னோ சிலையின் முன்னோ நிற்கும்போது, தமக்கு விளங்கும் வரியோடு அமையாது, விளங்காத வரியையும் கேட்டறிய முற்படுவர். அதுவே கல்வி.