நடுங்கிய கைச்சாத்து

1605 நவம்பரில், இங்கிலாந்துப் பாராளுமன்றத்தைத் தகர்க்க வைத்த வெடிமருந்துடன் பிடிபட்டவன் கய் போக்ஸ். அக்காலத்து அரசாங்கப் பத்திரங்களைச் சுருக்கி 1857இல் மேரி ஆன் எவரெற் கிறீன் அம்மையார் அச்சிட்ட அட்டவணை, சரித்திர மாணவர்க்கு நெடுங்காலம் கைவிளக்காயிருந்தது. அரிய உழைப்பு; மறுப்பதற்கில்லை. ஆயினும் எழுதிய கையின் நடுக்கத்தை அச்செழுத்து காட்டுமா?

இலண்டன் கியூவிலுள்ள அம்மூலங்கள் இன்று படங்களாகக் கணினியில் கிடைக்கின்றன. சித்திரவதைக்கு இணங்கி முதலாம் ஜேம்ஸ் மன்னர் நவம்பர் 6இல் வரைந்த கடிதத்தைப் படித்தபின், 9ஆம் திகதி வாக்குமூலத்தின் அடியைப் பார்த்தேன். ‘குயிடோ’ என்ற பெயர் மட்டும். அதுவும் மங்கி, கோணலாய், பேனை பிடிக்க வலுவிழந்தவன் கீறியதுபோல். சில நாள் கழித்து இட்ட கைச்சாத்தோ தெளிவாக நிற்கின்றது. இரண்டையும் அருகருகே வைத்து மாணவர்க்குக் காட்டலாம். 1509 முதல் 1714 வரையான முழுத்தொகுதியையும் திறப்பதற்கோ, சந்தா கட்டும் நூலகம் வேண்டும்.