ஆராய்ச்சி என்றால் சோதனைக்குழாய் மட்டும்தானா?



ஆராய்ச்சி என்று சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளைக் கோட்டு, சோதனைக்குழாய், கண்ணாடி போட்ட ஒரு தாத்தா! ஆனால் பல்கலைக்கழகங்களில் ஒளியையும் ஆராய்கிறார்கள், ஊரையும் ஆராய்கிறார்கள். முதலாவது இயற்கை அறிவியல், இரண்டாவது சமூக அறிவியல். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் பார்ப்போமா?

ஒளியிடம் கேட்ட கேள்வி

சர் சி.வி. இராமன் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து சுமார் 60 திரவங்களில் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். சிதறி வரும் ஒளியில் மிக மிகக் கொஞ்சம் மட்டும் நிறம் மாறி வந்தது. இதை 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்தார். அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 1930-ல் நோபல் பரிசும் கிடைத்தது. பொருளுக்குப் பொருள் இந்த மாற்றம் வேறுபடும். அதனால் ஒரு மாத்திரையை உடைக்காமலே அதில் என்ன இருக்குன்னு இன்றைக்குச் சொல்லிவிடலாம்.

ஊரிடம் கேட்ட கேள்வி

1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். அவர் தன் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். பரீட்சைக்கு இல்லை! லீவில் ஊருக்குப் போய் விசாரித்து எழுதி வரத்தான். நிலம் யாரிடம் இருக்கு? கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு? மாணவர்கள் எழுதி வந்தது 1918-ல் புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி எல்லாம் அதில் உள்ள ஊர்கள்.

அதோடு விடவில்லை. 1936-37-லும், 1961-லும், 1980-களிலும் வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களில் சிலவற்றுக்கு மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-லும் போனார்கள். ஒரு காலத்தில் பெரிய நிலக்காரர் குடும்பத்தின் கைக்குள் இருந்த அந்த ஊரில், அந்தப் பிடி தளர்ந்து, பலர் விவசாயம் அல்லாத வேலைக்குப் போவதைப் பார்த்தார்கள். முதலில் எழுதி வைத்ததால்தானே மாற்றம் தெரிந்தது!

எது கஷ்டம்?

இரண்டிலும் வழி ஒன்றுதான். கேள்வி கேட்கணும், அளக்கணும், எழுதி வைக்கணும், அதை இன்னொருத்தர் சரிபார்க்கணும். ஆனால் திரவம் வெட்கப்படாது. மனுஷங்க வெட்கப்படுவாங்க. கடனைக் கேட்டால் குறைச்சுச் சொல்வாங்க. திரவத்தை நாளைக்கும் அதே மாதிரி சோதிக்கலாம், ஊர் நாளைக்கு அதே மாதிரி இருக்காது. அதனால் ஊரை ஆராய்கிறவர் அனுமதி கேட்கணும், பொறுமையாகக் கேட்கணும், சொன்னவர் பெயரை வெளியில் சொல்லக் கூடாது.

நம்ம ஊரில்?

நம்ம ஊரைப் பற்றி யார் எழுதுவார்கள்? எனக்கு ஒரு கேள்வி இருக்கு. நம்ம தெருக்களில் பத்தாவதோடு நின்றுவிட்ட அக்காக்கள் எத்தனை பேர்? ஏன் நின்றார்கள்? மார்க் குறைவா, பஸ் இல்லையா, கல்யாணமா, வீட்டு வேலையா? "பொண்ணுன்னா அப்படித்தான்" என்பது பதில் இல்லை. எண்ணிப் பார்த்தால்தான் காரணம் தெரியும். பஸ்தான் காரணம் என்றால் பஸ் கேட்டு மனு எழுதலாம். கல்யாணம்தான் காரணம் என்றால் பெற்றோர் கூட்டத்தில் பேசலாம். அடுத்த வருஷம் நாங்களும் பத்தாவது.

சமூக அறிவியல் ஆசிரியர் வழிகாட்டினால், கோடை விடுமுறையில் தெருவுக்கு இரண்டு பேராகப் போய்க் கேட்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளின் கீழே பெயர் எழுதுங்கள்.

கேள்வி கேட்போம்! எண்ணிப் பார்ப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி