அடுத்த வீட்டில் ஒரு நடுங்கும் கை

நசரத்பேட்டையில் நம் பொறுப்பிலுள்ள அன்பியங்களுள் ஒன்றின் கணக்குப் புத்தகம் மாதந்தோறும் நம் மேசைக்கு வரும். அதை எழுதி வந்தவர் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். முத்துக் கோத்தாற்போன்ற கையெழுத்து. சில ஆண்டுகளுக்கு முன் அக்கையெழுத்து சிறுகத் தொடங்கிற்று. வரியின் தொடக்கத்தில் கடுகளவு, வரி முடிகையில் எள்ளளவு. "தாளை மிச்சம் பிடிக்கிறீர்களோ?" என்று நாம் வேடிக்கையாகக் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை, முகம் கல்லாயிருந்தது. வயது ஏற ஏறச் செருக்கும் ஏறுகிறது போலும் என்று மனத்துள் தீர்ப்பெழுதிக்கொண்டோம். எழுதியவர் நாமே என்பதை வாசக அன்பர்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பின்னர் அவர் ஞாயிறு திருப்பலிக்கு வருவதையும் நிறுத்தினார். வீடு தேடிச் சென்று கேட்டபோது, நெடுநேரம் கழித்து, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நன்மை வாங்கக் கை நீட்டினா உதறுது, சாமி. ஆண்டவரைக் கீழே போட்டுட்டேன்னா?" நாவில் பெறலாமே என்று நாம் உடனே விடை பகர்ந்தோம். ஆனால் அவர் அஞ்சியது தம் கையை மட்டுமன்று. தமக்குப் பின்னால் நின்ற வரிசையையும்தான். அவ்வரிசையில் யாரோ ஒருவர், "காலையிலேயே போட்டுக்கிட்டு வந்துட்டாரு" என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத மனிதர் அவர்.

அவருக்கு வந்திருந்தது பார்க்கின்சன் நோய். நம் முன்னோர் நடுக்குவாதம் என்றனர். 1817ஆம் ஆண்டு ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் ஆறு பேரின் நிலையை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அவ்வறுவருள் சிலர் அவரிடம் மருத்துவம் பெற வந்தவர்கள் அல்லர். தெருவில் போகிற போக்கில் அவர் கண்ணில் பட்டவர்கள். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. மருத்துவமனைக் கட்டிலில் அன்று, தெருவில் கண்டறியப்பட்ட நோய் இது என்பதை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்த மருத்துவர் தெருவில் கண்டதை, அதே தெருவில் நாள்தோறும் நடந்த மற்றவர்களும் கண்டுதான் இருப்பார்கள்.

மூளையின் அடிப்பகுதியில் கருநிறம் படிந்த ஒரு சிறு திட்டு உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்தவுடன் கை எழுவதும் கால் நகர்வதும் இதன் துணையால்தான். இவ்வுயிரணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. பெரும்பகுதி அழிந்த பிறகே வெளியில் அறிகுறி தெரிகிறது. ஓய்வாக மடியில் கிடக்கும் கை நடுங்கும், உடல் விறைக்கும், செயல் மந்தமாகும், எழுத்துச் சிறுக்கும், குரல் தேயும், முகத்துத் தசைகள் அசைவற்றுப்போவதால் உள்ளே சிரிக்கிற மனிதர் வெளியே சிடுசிடுப்பவர் போலத் தோன்றுவார். நாம் செருக்கென்று கருதியது இதைத்தான். நடுக்கமே இல்லாமல் இந்நோய் கொண்டவர்களும் உண்டு. இது தொற்றுநோயன்று, செய்வினையன்று, முன்னோர் பாவமுமன்று. 2019ஆம் ஆண்டில் உலகில் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது.

இந்நோயின் மருந்து வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர், வேலியில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அது இந்நோயைத் தணிக்கும் என்பதை அப்போது எவரும் அறியார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1960களில், அதே பொருள் லெவோடோப்பா என்னும் பெயரில் மருந்தாயிற்று. இன்றளவும் இந்நோய்க்கு முதன்மையான மருந்து அதுவே. இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையை அரைத்துக் கொடுக்கப் புறப்பட வேண்டா. அளவு தவறினால் கேடு. மருத்துவர் தரும் மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் பெருங்கேடு.

மருந்து நோயை வேரறுப்பதில்லை. சில மணி நேரத்துக்கு உடலை அவிழ்த்துவிடுகிறது. நோய் முற்றியவரிடம் அந்நேரமும் குறுகிக்கொண்டே வரும். "மாத்திரை இறங்கிப்போச்சு" என்று நம் பெரியவர் சொல்வார். காலை ஒன்பதுக்குத் தாமே சட்டைப் பொத்தான் மாட்டியவர் பதினொன்றரைக்கு நாற்காலியிலிருந்து எழமாட்டார். பார்ப்பவர்கள் நடிப்பு என்பார்கள். உணவுக்கு அரைமணி நேரத்துக்கு முன்னரே மாத்திரையை விழுங்குவது நலம். பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவற்றோடு சேர்ந்தால் சிலருக்கு அதன் வேகம் குறைகிறது. ஆகவே திருமண வீட்டில், "முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் மாத்திரை" என்று உபசரிப்போர் அன்பினாலேயே தீங்கிழைக்கிறார்கள்.

நடந்து வருகிறவர் வாசற்படியில் திடீரென நின்றுவிடுவதும் உண்டு. உள்ளங்கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போலிருக்கும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். இழுக்காமல் அருகில் நின்று, "ஒண்ணு, ரெண்டு" என்று தாளமிட்டால் கால் பெயரும். தரையில் கோடு இருந்தால் அதைத் தாண்டுவது போல் எளிதில் அடியெடுத்து வைப்பார். பெரியவரின் மனைவி கோலமாவினால் படுக்கையறையிலிருந்து கழிப்பறை வரை குறுக்குக் கோடுகள் போட்டு வைத்தார். ஈரக்காலில் அது அழிந்து போகவே, பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்க வந்த தொழிலாளர் மிச்ச வண்ணத்தைக் கொண்டு நிலையான கோடுகள் தீட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

மும்பையில் 2001ஆம் ஆண்டு முதல் இந்நோயர்க்கென ஒரு சங்கம் இயங்குகிறது. நோயாளரையும் குடும்பத்தாரையும் குழுவாகக் கூட்டி, உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தந்து, மனம்விட்டுப் பேச வைக்கும் அதன் முறை பிற நகரங்களுக்கும் பரவியிருக்கிறது. நல்ல முறைதான். ஆயினும் நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லி சென்று, அங்கிருந்து நெரிசலில் நகரப் பேருந்தேறுவது, ஏறுபடியில் கால் ஒட்டிக்கொள்ளும் ஒருவரால் ஆகிற காரியமா? குழுதான் இங்கே வரவேண்டும். அவ்வாறே நம் சிறு கூடத்தில் மாதம் ஒருமுறை ஏழு குடும்பத்தார் கூடுகிறார்கள். கத்தோலிக்கர் மூவரே. காலை பத்தரைக்குக் கூடுவது மாத்திரை வேலை செய்யும் நேரத்தைக் கணக்கிட்டு வைத்தது. கைகளை வீசி நடக்கிறார்கள். தேய்ந்த குரல் திரும்பும்பொருட்டு உரக்கப் பாடுகிறார்கள். சுருதியைப் பற்றி ஒன்றும் சொல்லாதிருப்பது மேல்.

அரசின் உதவியைப் பற்றி அறியாதோர் இன்னும் பலர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லியே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீட்டு வாசலுக்கு வருகிறது. விண்ணப்பம் எழுத இளைஞர்கள் முன்வரலாம்; நோயாளரின் கை எழுதாது.

நோயாளரை விட நமக்குக் கவலையளிப்பவர் அவருக்குத் துணையிருப்பவர். பெரியவரின் மனைவி, கூப்பிடு தூரத்தில் திருமழிசையில் இருக்கும் தம் தங்கையின் வீட்டுக்கு இரண்டு ஆண்டுகளாகப் போனதில்லை. இரவில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க நான்கு முறை எழுகிறார். இதைக் கேள்விப்பட்ட எதிர்வீட்டு அம்மா, நாம் சொல்லாமலே, வியாழன்தோறும் பிற்பகலில் பெரியவருடன் அமர்ந்திருக்கத் தொடங்கினார். "நீங்க போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன்." மூன்று மணி நேரம். அவ்வளவே. முதல் வியாழனன்று தங்கை வீட்டுக்குப் போன அந்த அம்மாள் அங்கே ஒரு சொல்லும் பேசாமல் படுத்து உறங்கிவிட்டாராம்.

1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கு வந்து பரங்கிமலையிலும் செபித்தபோது நாம் பள்ளி மாணவர். உறுதியான நடையும் உரத்த குரலுமாக அவர் வலம்வந்த அந்நாள்கள் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். பின்னாளில் அவரையும் இந்நோய் பற்றியது. 2005இல் இறக்கும் வரை, நடுங்கும் கையையும் குழறும் சொல்லையும் தொலைக்காட்சிக் கருவிகளுக்கு முன்னும் அவர் மறைக்கவில்லை. இதை நம் பெரியவரிடம் எடுத்துரைத்தோம். "அவருக்குப் பின்னால வரிசை நிக்கலியே, சாமி" என்றார். நமக்கு விடை கிடைக்கவில்லை.

விடை சொன்னவர்கள் அன்பியத்தார். அவருக்கு முன்னும் பின்னும் யார் நிற்பது என்று தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். அவர் நின்றால் வரிசையும் நிற்கிறது. பின்னால் நிற்கும் சிறுமி மெல்ல, "ஒண்ணு, ரெண்டு, தாத்தா" என்கிறாள். நன்மை வழங்கி முடிக்கச் சற்றுக் கூடுதல் நேரமாகிறது. ஞாயிறு பூசை நீள்கிறதென்று குறைகூறுவோரும் இல்லாமலில்லை.

கணக்குப் புத்தகம் மறுபடியும் அவர் கைக்கே போயிருக்கிறது. அகலக் கோடு போட்ட புத்தகமாக வாங்கிக் கொடுத்தோம். கோட்டைத் தொட்டு எழுதினால் எழுத்துப் பெரிதாகவே நிற்கிறது. சென்ற மாதக் கணக்கில் பத்து ரூபாய் உதைத்தது. நாமும் அவரும் ஒரு பிற்பகல் முழுதும் தேடினோம். தவறு நம்முடைய கூட்டலில் இருந்தது.