புகையில் கரையும் வேலை நாட்கள்

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் உழைத்துப் பிழைக்க முடியும். புகைப் பழக்கம் புற்றுநோயைத் தரும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அந்நோய் வருவதற்கு வெகு காலம் முன்பே அப்பழக்கம் ஒருவருடைய வேலையையும் வருவாயையும் அரிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

நம் மூச்சுக் குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமிகளையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளுகின்றன. புகை பட்டால் இவை செயலிழக்கின்றன. சளி தேங்குகிறது, கிருமிகள் தங்குகின்றன. மேலும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. ஆகவே, பிறருக்கு எளிதில் குணமாகும் ஜலதோஷம்கூட, புகைப்பவருக்கு மார்புச் சளியாகிப் பல நாட்கள் படுக்க வைத்துவிடக்கூடும்.

இதற்குக் கணக்கும் உண்டு. இங்கிலாந்திலுள்ள நாட்டிங்காம் பல்கலைக்கழக அறிஞர்கள் பல நாடுகளில் நடந்த 29 ஆய்வுகளைத் திரட்டி, 2012-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். புகைப்பவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்குச் சராசரியாக 2.7 நாட்கள் கூடுதலாக வேலைக்கு வருவதில்லை என்பதே அது.

வேலை தேடுவோர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வேலையற்றோர் 251 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஓராண்டிற்குப் பின், புகைக்காதவர்களில் நூற்றுக்கு 56 பேர் வேலை பெற்றிருந்தனர். புகைப்பவர்களில் 27 பேரே பெற்றிருந்தனர். வேலை பெற்ற புகைப்பவர்களுக்கும் மணிக்குச் சுமார் 5 டாலர் குறைவாகவே ஊதியம் கிடைத்தது.

நம் நாட்டிற்கு வருவோம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்துள்ள தொழிலாளி நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு உதவித்தொகை பெறலாம். மீதி 30 விழுக்காடு குடும்பத்திற்கு நஷ்டமே. அன்றாடம் கூலி வேலை செய்யும் கொத்தனாருக்கும் சுமை தூக்குபவருக்கும் அந்த உதவியும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர் படுத்தால் அன்று வீட்டில் உலை கொதிப்பது கடினம். பீடிக்குக் கொடுத்த காசு ஒரு நஷ்டம். இழந்த கூலி மற்றொரு நஷ்டம். அவர் விடும் புகையைச் சுவாசிக்கும் குழந்தைக்கு இழுப்பு வந்தால், அதைக் கவனிக்கத் தாயும் வேலைக்குப் போகாமல் நின்றுவிட வேண்டியதுதான்!

எனினும் மனம் தளர வேண்டியதில்லை. புகைப்பதை விட்ட ஓரிரு நாட்களிலேயே இரத்தத்திலுள்ள நச்சுவாயு நீங்கிவிடுகிறது. சில மாதங்களில் அந்த மயிரிழைகள் மீண்டும் தம் பணியைச் செய்யத் தொடங்குகின்றன. பழக்கத்தை விட்டவர்கள் விடாதவர்களைவிடக் குறைவாகவே விடுப்பு எடுக்கிறார்கள் என்பதையும் நாட்டிங்காம் ஆய்வு காட்டியது.

நிகோடின் மனிதரை அடிமைப்படுத்தும் பொருள். ஆகவே புகைப்பவரை ஏளனம் செய்வதால் பயனில்லை. நம் தந்தையரிடமும் அண்ணன்மாரிடமும் அன்போடு எடுத்துச் சொல்வோம். புகையிலையைக் கைவிட உதவும் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் அவர்களுக்குத் தெரிவிப்போம். உழைக்கும் கரங்கள் நோயின்றி உழைக்கட்டும். நம் இல்லங்கள் செழிக்கட்டும்!