பர்மா போரில் பாய்ந்த சக்கரக் கப்பல்... யார் இந்த 'டயானா'?

எதிர்க்காற்று அடித்தால் பாய்க்கப்பல் திணறும். ஆற்றின் ஓட்டமும் எதிராக இருந்தால் அவ்வளவுதான், நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 200 ஆண்டுகளுக்கு முன் இதற்குக் கிடைத்த விடைதான் நீராவிக் கப்பல் 'டயானா'.

எங்கே கட்டினார்கள்?

கல்கத்தாவின் கிதர்பூரில். 1823 ஜூலை 12-ல் ஹூக்ளி ஆற்றில் இறக்கப்பட்டது. புதுச்சேரி ஆளுநரின் கீழ் இருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரும் இதே ஆற்றங்கரைதான். இன்ஜின்கள் இங்கிலாந்தின் மாட்ஸ்லே நிறுவனத் தயாரிப்பு.

எப்படி ஓடும்?

விறகை எரித்து, கொதிகலனில் நீராவி உண்டாக்குவார்கள். அந்த அழுத்தம் கப்பலின் இரு பக்கமும் உள்ள பெரிய சக்கரங்களைச் சுழற்றும். சக்கரத்தின் பலகைகள் தண்ணீரைப் பின்னால் தள்ள, கப்பல் முன்னால் போகும். சக்கரம் ஆழமாக மூழ்காததால் ஆழம் குறைந்த ஆற்றிலும் ஓட்டலாம்.

போருக்கு எப்படி வந்தது?

1824-ல் பர்மாவுடன் போர் மூண்டது. ஐராவதி ஆற்றில் பர்மியரின் துடுப்புப் படகுகள் வேகமானவை. பிரிட்டிஷாரின் பாய்க்கப்பல்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடற்படை கேப்டன் பிரெடரிக் மாரியட்டின் யோசனைப்படி டயானா அங்கே போனது. பின்னாளில் பிரபல நாவலாசிரியரானவர் இவர்தான்.

துடுப்பு போடுபவர்களின் கை ஓயும், இன்ஜினுக்கு ஓயாது. டயானா படகுகளை விரட்டிப் பிடித்தது. படைகள் ஏறிய கப்பல்களையும் இழுத்துக்கொண்டு ஆற்றில் மேலேறியது.

நம்ம ஊருக்கு என்ன தொடர்பு?

கடல் தாண்ட வங்காளச் சிப்பாய்கள் பலர் தயங்கியதால், மெட்ராஸ் படைப்பிரிவுகள்தான் பெருமளவில் ரங்கூனுக்கு அனுப்பப்பட்டன. இரு ஆண்டுப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 15,000 வீரர்கள் இறந்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது குண்டு அல்ல, நோய். கப்பல் வேகமாகப் போனாலும் அதில் போனவர்களைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்ற முடியவில்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

1826 பிப்ரவரி 24-ல் யாண்டபோ ஒப்பந்தம் கையெழுத்தானது. அரக்கானும் தெனாசரிமும் பிரிட்டிஷார் கைக்குப் போயின. ஒரு கோடி ரூபாய் இழப்பீடும் விதித்தார்கள்.

ஆறு என்பது நாட்டுக்குள் போகும் சாலை என்பதை டயானா காட்டிக்கொடுத்துவிட்டது. 1885-ல் நீராவிக் கப்பல்களில் ஐராவதி வழியாகவே போய் மாண்டலேயைப் பிடித்தார்கள். கடைசி மன்னர் திபாவை அதே ஆற்று வழியாக அழைத்துவந்து, முதலில் இறக்கி வைத்த இந்திய ஊர் மெட்ராஸ்!