மூங்கிலும் வாழை நாரும்: வடிவமைப்பு மாணவர்களின் வேலையும் குடியானவர்களின் பங்கும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் நெல்லே பிரதான விளைவு. ஆயினும், நெல் வயல்களை அடுத்துப் படுகைகளில் மூங்கிலும், கொல்லைகளில் வாழையும், கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் தென்னையும் ஏராளமாக உள்ளன. குலை வெட்டியபின் சாய்க்கப்படும் வாழை, வயது முதிர்ந்து புதரில் சிக்கிக் கிடக்கும் மூங்கில், காற்றில் விழுந்த தென்னை ஆகியவற்றில் பெரும்பகுதி விறகாகவும் குப்பையாகவும் கழிந்துபோகிறது. இப்பொருள்களைக் கொண்டே நாற்காலி, முக்காலி, மேஜை, விளக்குக் கூடு, கூடை முதலியவற்றைப் புதிய முறையில் அமைக்கும் வேலையை வடிவமைப்புக் கலை பயிலும் மாணவர்கள் நம் தேசத்தில் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றனர். அவ்வேலை நகரத்தாருக்கு மட்டும் உரியது என்று நிலச்சொந்தக்காரர்கள் கருதலாம். உண்மை யாதெனில், ஒரு மூங்கில் நாற்காலி பத்து வருஷம் உழைக்குமா, பத்து மாதத்தில் உளுத்து உதிருமா என்பது பெரும்பாலும் அம்மூங்கிலை வெட்டிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நாள் குடியானவர் கையில் இருக்கிறது.

வடிவமைப்புக் கல்வி தோன்றிய விதம்

1958-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் நம் தேசத்தைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். அவர்கள் மிகச் சிறந்த பொருள் என்று அதில் எடுத்துக்காட்டியது வீட்டில் தண்ணீர் மொள்ளும் சாதாரணச் செம்பையே. கைப்பிடிக்கு ஏற்ற கழுத்து, இடுப்பில் தாங்குவதற்கு ஏற்ற வயிறு, ஊற்றுவதற்கு ஏற்ற விளிம்பு என்று பல தலைமுறை ஜனங்களின் அநுபவத்தால் அது உருவானது என்பது அவர்கள் கருத்து. அவ்வறிக்கையை ஒட்டி 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. அங்கு பயிலும் மாணவர்கள் கைவினைஞர்கள் வாழும் ஊர்களுக்குச் சென்று தங்கி, கருவிகளையும் செய்முறையையும் மூலப்பொருளையும் பதிவு செய்வது பாடத்தின் ஒரு பகுதியாகும்.

சென்னையில் பிறந்து, அந்நிறுவனத்தில் மாணவராகவும் பின் ஆசிரியராகவும் விளங்கிய எம். பி. ரஞ்சன், மூங்கிலைப் பற்றி நீண்டகாலம் உழைத்தவர். வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில், பிரம்பு வேலைகளைப் பற்றி அவரும் சகாக்களும் எழுதிய பெருநூல் 1986-இல் வெளியாயிற்று. 2015-இல் அவர் காலமானார். மூங்கில் வேலையின் தொடக்கம் பட்டறையில் இல்லை, நிலத்தில் இருக்கிறது என்பதே அவர் வற்புறுத்திவந்த செய்தி.

கட்லாமாரா காட்டும் வழி

இதற்குத் திரிபுரா மாநிலத்திலுள்ள கட்லாமாரா என்னும் கிராமம் நல்ல உதாரணம். அங்குள்ள குடியானவர்கள் உள்ளே துவாரம் மிகச் சிறிதாக, ஏறக்குறைய முழுக் கட்டையாகவே இருக்கும் ஒருவகை மூங்கிலைத் தம் நிலத்தில் பயிர் செய்து, கவனமாகப் பேணி, நேரான கழிகளாக வளர்த்து விற்கின்றனர். கட்டையான கழியில் துளையிட்டுத் திருகாணி முடுக்கலாம். கழியோடு கழியை உறுதியாகப் பொருத்தலாம். ஒரே பருமனும் ஒரே நேர்மையும் உள்ள கழிகள் தொடர்ந்து கிடைத்தபடியால், அவற்றுக்கு ஏற்ற முக்காலி, மேஜை, அடுக்குப் பலகை முதலியவற்றைத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தார் 2000-ஐ அடுத்த ஆண்டுகளில் அமைத்து, உள்ளூர்க் கைவினைஞர்களுக்கும் பழக்கினர். கழி ஒழுங்காக இருந்தமையால் சாமான்யக் கருவிகளே போதுமாயின.

இதிலிருந்து நம் பிரதேசத்தார் அறியவேண்டியது ஒன்று உண்டு. கோணலும் மாணலுமாகக் கலந்து கட்டிய மூங்கிலுக்கு விறகு விலையும் பந்தல்கால் விலையுமே கிடைக்கும். வயது, பருமன், நீளம் பிரித்து, பதம் செய்து கட்டிய மூங்கிலுக்குத்தான் சாமான் செய்வோர் விலை கொடுப்பர்.

மூங்கிலை வெட்டும் முறை

காவிரி, கொள்ளிடக் கரைகளில் பெரும்பாலும் காணப்படுவது முள்மூங்கில். கல்மூங்கில் எனப்படும் வகை பருமனில் சிறியது, துவாரம் குறுகியது, சாமான்களின் கால்களுக்கு ஏற்றது. எவ்வகையாயினும் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது அவசியம்.

முதலாவது, வயது. மூங்கில் சில மாதங்களிலேயே முழு உயரம் வளர்ந்துவிடுமேயன்றி, கட்டை முதிர மூன்று வருஷம் வேண்டும். மூன்று, நான்கு வயதுக் கழிகளே நாற்காலி வேலைக்கு உகந்தவை. இளங்கழியில் மட்டைகள் ஒட்டியிருக்கும். மேலே வெண்பொடி படிந்திருக்கும். முதிர்ந்த கழி மங்கிய நிறமாய்ப் புள்ளி விழுந்திருக்கும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஆண்டுதோறும் புதிதாக எழும் கழிகளுக்கு அவ்வாண்டுக்குரிய நிறத்தில் ஒரு வர்ணக் கோடு இட்டு வைத்தால், வயதைப் பற்றிச் சந்தேகமே எழாது.

இரண்டாவது, பருவம். முளை எழும் மழைக்காலத்தில் வெட்டலாகாது. மழை ஓய்ந்து, சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. தேய்பிறையில் வெட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதை அநுசரிப்பதால் நஷ்டமில்லை. ஆனால் வயதுக்கும் பருவத்துக்கும் அது ஈடாகாது.

மூன்றாவது, வெட்டும் இடம். தரையிலிருந்து முதல் அல்லது இரண்டாம் கணுவுக்குச் சற்று மேலே, நீர் தங்காதவாறு வெட்டவேண்டும். புதரின் வெளிப்புறத்திலுள்ள இளங்கழிகளை விட்டுவிட்டு, உள்ளிருக்கும் முதிர்ந்தவற்றை எடுப்பதே முறை. எட்டுகிறதென்று வெளிப்புறத்தை மாத்திரம் வெட்டினால் புதர் நெருங்கி, கழி கோணலாகி, நாளடைவில் தோப்பே கெட்டுவிடும்.

நான்காவது, பதம் செய்தல். மூங்கிலில் உள்ள மாவுச் சத்தை நாடிச் சிறு வண்டு துளைத்து அதைப் பொடியாக்குகிறது. வெட்டிய கழிகளைச் சில வாரங்கள் ஓடும் நீரில் அமிழ்த்தி வைத்தால் அச்சத்துப் பெரிதும் கரைந்துபோகும். இதனினும் உறுதியான முறை, 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெண்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, அதில் ஊறவைப்பதாகும். முழுக் கழியாயின் நீண்ட இரும்புக் கம்பியால் உட்கணுக்களைத் துளைத்தபின் ஒன்றிரண்டு வாரங்கள் ஊறவைக்கவேண்டும். பிளந்த பட்டைகளுக்குச் சில நாட்கள் போதும். பின் நிழலில் நிறுத்தி மெதுவாக உலர்த்தவேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். அந்தக் கரைசல் வாய்க்காலிலோ கால்நடை குடிக்கும் நீரிலோ கலவாமல் பார்த்துக்கொள்க.

மூங்கிலை வயல் வரப்பில் நடுவது தவறு. நிழலும் வேரும் நெல்லைக் கெடுக்கும். படுகையும் கொல்லைக் கோடியுமே அதற்கு உரிய இடங்கள்.

வாழை நார்

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கங்களில் வாழை சாகுபடி மிகுதி. பூத் தொடுக்க நார் உரிப்பது நம் ஜனங்கள் அறிந்ததே. அந்நாரைக் கயிறாக முறுக்கி நாற்காலி இருக்கைகளும், பின்னிய விரிப்புகளும், பைகளும் செய்யலாம். இத்தகைய பின்னலுக்கு மதிப்பு உண்டு என்பதற்கு ஓர் அத்தாட்சி காண்க. டென்மார்க் தேசத்து ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த ஒரு மர நாற்காலியின் இருக்கை, சுமார் 120 மீட்டர் காகிதக் கயிற்றால் கையினாலேயே பின்னப்படுகிறது. அது இன்றளவும் செய்து விற்கப்படுகிறது. ஆனால் அக்கயிறு முதலிலிருந்து கடைசிவரை ஒரே பருமனாக உள்ளது. நாரில் இந்த ஒழுங்கு இல்லையேல் வாங்குவோர் திருப்பிவிடுவர்.

குலை வெட்டிய ஓரிரு நாட்களுக்குள் மரத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து நாரெடுக்கவேண்டும். தாமதித்தால் நிறம் கறுக்கும். வெளிப்பட்டையில் முரட்டு நாரும், உட்பட்டையில் மெல்லிய நாரும் கிடைப்பதால் இரண்டையும் கலத்தல் கூடாது. பட்டையின் எடையில் பெரும்பகுதி நீரே. நூறு கிலோ பட்டையிலிருந்து கிடைக்கும் உலர்ந்த நார் ஒரு கிலோ அளவை ஒட்டியதே. ஆகையால், பட்டையை நெடுந்தூரம் வண்டியில் ஏற்றிச் செல்வது கூலிக்குக் கட்டாது. தோட்டத்திலேயே நாரெடுத்து, சக்கையை எருக்குழிக்கு அனுப்புவதே லாபம். திருச்சிராப்பள்ளியில் 1993-இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இதுபற்றிய யோசனைகளைக் கேட்டறியலாம்.

தென்னை மரமும் ஆகாயத் தாமரையும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களின் தென்னந்தோப்புகள் அழிந்ததை எவரும் மறந்திரார். தென்னையின் அடிப்பாகத்தில், பட்டையை அடுத்த வெளிவட்டம் மிக உறுதியான மரம். நடுப்பாகமும் நுனிப்பாகமும் மிருதுவானவை. பிலிப்பைன்ஸ் தேசத்தார் இதை நன்கு ஆராய்ந்து, 1981-இல் முடிவுற்ற மணிலா நகரத்துத் தென்னை மாளிகையைப் பெரும்பாலும் இம்மரத்தாலும் தென்னையின் பிற பாகங்களாலும் அமைத்தனர். விழுந்த மரத்தைத் தாமதமின்றி அறுத்து, வெளிவட்டப் பலகையைத் தனியே பிரித்து உலர்த்தினால் மேஜைக்கும் நாற்காலிக்கும் உதவும். தோப்பில் மட்கவிட்டால், அது காண்டாமிருக வண்டு பெருகும் இடமாகி, எஞ்சி நிற்கும் மரங்களையும் கெடுக்கும்.

வாய்க்கால்களை அடைக்கும் ஆகாயத் தாமரையின் தண்டை உலர்த்திப் பின்னிச் சாமான் செய்வது தாய்லாந்திலும் அஸ்ஸாமிலும் நடைபெறுகிறது. அதன் எடையில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு நீர். உலர்ந்தபின் எஞ்சுவது சொற்பம். வாய்க்கால் தூர்வாரும்போது எடுத்த தண்டை உபயோகித்துக்கொள்ளலாமே தவிர, விற்பனைக்கென்று ஒருபோதும் அதை வளர்க்கவோ நீரில் விட்டுவைக்கவோ கூடாது.

உள்ளூர்க் கைவினைஞர்கள்

நம் பிரதேசத்தில் இவ்வகைத் தொழில் புதிதன்று. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தண்டைச் செதுக்கிச் செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் கிராமம் பிரம்பு நாற்காலிகளுக்கும் ஊஞ்சல்களுக்கும் பெயர்பெற்றது. ஆனால் அங்குள்ளோர் பின்னும் பிரம்பு வெளி மாநிலங்களிலிருந்து வரவேண்டியிருக்கிறது. கைத்திறன் கொள்ளிடக் கரையில் இருக்க, மூலப்பொருளுக்கான பணம் வெளியே செல்கிறது. பதம் செய்த மூங்கிலும் தரமான நாரும் அருகிலேயே கிடைக்குமானால், அவற்றில் எவ்வளவு பங்கு இங்கே தங்கும் என்பதை மாணவரும் கைவினைஞரும் கூடிச் செய்து பார்க்கலாம்.

எச்சரிக்கை

மாணவர் செய்யும் முதல் நாற்காலி ஒரு மாதிரியே ஆகும். கண்காட்சியில் அதைப் பலரும் புகழ்வதனால் மாத்திரம் வியாபாரம் ஏற்பட்டுவிடாது. அதை நம்பிக் கடன் வாங்கி நார் இயந்திரம் வைப்பதும், விளையும் நிலத்தை மூங்கிலுக்கு மாற்றுவதும் விவேகமாகா. வாங்குபவர் யார், மாதம் எவ்வளவு வேண்டும், எந்த நீளமும் பருமனும் வேண்டும், எப்போது பணம் வரும் என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெற்ற பின்னரே முதல் போடுக. முதலில் இருக்கும் புதரைச் சீர்திருத்திப் பத்துக் கழிகளைப் பதம் செய்து கொடுத்துப் பார்ப்பது உத்தமம். வைக்கோலிலும் பலகை செய்யலாம் என்று சொல்பவர் உண்டு. நம் வைக்கோலுக்கு முதல் பாத்தியதை வீட்டு மாட்டுக்கே.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, மூங்கில் 'மரம்' என்ற இலக்கணத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டில் 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் தனியாக உள்ளது. ஆகையால் பட்டா நிலத்து மூங்கிலையும் வெளியூருக்கு ஏற்றுமுன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து, வேண்டிய சீட்டைப் பெறும்படி குடியானவர்களுக்குச் சொல்வது நலம். புறம்போக்கிலும் ஆற்றங்கரையிலும் உள்ள மூங்கில் கரையைக் காப்பது; அனுமதியின்றி எவரும் வெட்டாமல் தடுப்பது அதிகாரிகளின் கடமை. மாணவர்கள் ஊருக்கு வந்தால், எந்தப் படுகையில் எவ்வகை மூங்கில் உள்ளது, எந்த மாதத்தில் வாழை வெட்டப்படுகிறது, ஊரில் கைவினைஞர் யார் யார் என்ற விவரங்களை அறிவித்து உதவலாம்.

வருகிற தை மாதத்துக்குள் தத்தம் மூங்கில் புதரைப் பார்வையிட்டு, கழிகளின் வயதைக் குறித்துக் கோடு இட்டு வைப்பது செலவில்லாத வேலை. நல்ல கழியும் நல்ல நாரும் கையில் இருப்பவரிடமே, நாளை சாமான் செய்வோர் விலை பேச வருவர்.